ஆடும் மவுண்ட்

வனத்துறையின் மானம் முழுவதும் அன்று ஒரு மவுண்டை நம்பி இருந்தது. மயக்க ஊசித் துப்பாக்கியின் மேல் தொலைநோக்கியைத் தாங்கும் அந்த மவுண்டோ லொடலொடவென்று ஆடியது. வாழைத்தோப்பில் தாய் யானை குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டு நின்றது. ஊசி பட்டால் தாய் லாரியில் ஏறும், குட்டி தனியாகிவிடும்.

"சுடுங்க டாக்டரம்மா!" என்றார் ரேஞ்சர் கோதண்டபாணி.

"ஆடுதுங்க சார். இருங்க, முறுக்கிக்கறேன்." கால்நடை மருத்துவர் செலின் திருகாணியை இறுக்கினார். பிறகு தளர்த்தினார். மறுபடி இறுக்கினார்.

ரேஞ்சர் துப்பாக்கியைப் பிடுங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். "யானை நல்லாத் தெரியுதே! மவுண்டை ஒரு நூல் எடப்பக்கம் தள்ளுங்க, போதும்."

"சரிங்க சார்" என்று செலின் நிதானமாகத் தள்ளினார்.

வயிறு நிறைந்த குட்டி, தாயின் வாலைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போனது.

தொலைநோக்கியின் முன்மூடியை அதுவரை யாரும் கழற்றவில்லை.