மூன்றாவது கியர்

பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று காரை முந்திக்கொண்டு போனது.

“அக்கா, அவருக்குப் பால் திரிஞ்சிடுமேன்னு கவலை. நம்மகிட்ட அப்படி எதுவும் இல்ல, நீ நிம்மதியா வா,” என்றான் பின்சீட்டில் இருந்த தம்பி.

ஓட்டிக்கொண்டிருந்த அக்கா சிரித்தாள். முள் நாற்பதைவிட்டு அசையவில்லை.

பக்கத்து சீட்டில் அவள் கணவர். முப்பத்தைந்து வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவர். ஒரு பிழை தன் கண்ணெதிரே உட்கார்ந்து கார் ஓட்டுவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

“ஏன் இப்படி ஊர்றே? பத்து மணிக்கு நாடகம்.”

“வேகமாப் போனா பெட்ரோல் குடிக்கும். மைலேஜ் போயிடும்.”

“கிலோமீட்டர்ல ஓடுற வண்டிக்கு ஏது மைலேஜ்?”

முதலில் சொல்லைத் திருத்தினார். பிறகு பொருளுக்கு வந்தார். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆகவே நூறில் பறப்பது வீண், ஒப்புக்கொள்கிறார். ஆனால் நாற்பதில், மூன்றாவது கியரில் ஊர்வதும் வீண்தான். எஞ்சின் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதற்கே பாதிப் பெட்ரோல் போய்விடும். டாப் கியரில் எழுபது, அதுதான் இந்த வண்டிக்குச் சிக்கனம்.

ஒரு வருடமாக இதைச் சொல்லிவருகிறார். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வரைபடம்கூடப் போட்டுக் கொடுத்தார். அவள் அதை அலமாரித் தட்டில் விரித்துக்கொண்டாள். உறவுக்காரர்கள் அவளை ‘நத்தை’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான்.

இன்று பேத்தி மேடையில் மரமாக நிற்கப்போகிறாள். வசனம் கிடையாது. முதல் காட்சியிலேயே வெட்டிவிடுவார்கள். லேட்டாகப் போனால் அடிக்கட்டையைக்கூடப் பார்க்க முடியாதே என்பது தாத்தாவின் கவலை. போன தடவை அவள் மேகமாக வந்தபோதும் இப்படித்தான், கலைந்த பிறகு போய்ச் சேர்ந்தார்கள்.

டீ குடிக்க நிறுத்திய இடத்தில் தம்பி சாவியை வாங்கிக்கொண்டான். அத்தான் கட்சி ஜெயித்துவிட்டதாக அறிவித்தான். அக்கா பின்சீட்டுக்குப் போனாள்.

ஐம்பது, அறுபது, எழுபது. டாப் கியர். முன்சீட்டில் விரிவுரை தொடர்ந்தது.

“இப்ப எஞ்சின் சத்தத்தைக் கேளு மச்சான். எவ்வளவு அமைதியா…”

வாக்கியம் அங்கேயே நின்றது. எதிரே ஒரு லாரி வந்தது, போனது. அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அவர் வலதுகால், அந்தப் பக்கம் இல்லவே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை விட முடியவில்லை.

போன வருடம் பாலத்து வளைவில், அவர் ஓட்டிய கார் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. மறுநாளிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார். உண்மை தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார்.

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

“டேய், நாற்பதுக்கு வா. பெட்ரோல் வீணாகுது.”

“எழுபதுதான் சிக்கனம்னு அத்தானே சொன்னாரே அக்கா.”

“அது புத்தகத்துல. இந்த வண்டிக்கு நாற்பதுதான். வேணும்னா அவரையே கேளு.”

தம்பி அவர் பக்கம் திரும்பினான்.

எந்த மாணவன் எழுதியிருந்தாலும் முட்டை போட்டிருக்கக்கூடிய விடையை, முப்பத்தைந்து வருட அனுபவத்தோடு அவர் சொன்னார்.

“நாற்பதுதான் சிக்கனம் மச்சான். மூணாவது கியர் போடு.”

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் கியரை மாற்றினான். “அதுக்குள்ள அங்க மரத்தை வெட்டிடுவாங்களே அத்தான்?”

அவர் பேத்தியிடம் இந்தத் தடவை என்ன காரணம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

“வெட்ட மாட்டாங்க,” என்றாள் நத்தை. “பத்துன்னு உங்ககிட்ட நான்தான் சொன்னேன். நாடகம் பதினொண்ணுக்கு.”