மூன்று வருடப் படிப்பு

"தொந்தரவு பண்ணாதே, ஜப்பானிய மொழி படிச்சிட்டிருக்கேன்!" சோபாவில் சாய்ந்தபடி வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்த கணவன் எரிந்து விழுந்தான். திரையில் ஜப்பானிய வசனம் வந்தால் பட்டனைத் தட்டித் தள்ளிவிட்டு அடுத்த சண்டைக்குப் பாய்வதுதான் ஐயாவின் மூன்று வருடப் படிப்பு.

மனைவி ஒரு கடிதத்தை நீட்டினாள். "ஜப்பானிலேர்ந்து வந்திருக்கு. என்னன்னு படிச்சுச் சொல்லுங்களேன்."

அவன் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். "இந்த கேம் கம்பெனிதான். என் திறமையைப் பாராட்டி எழுதியிருக்கான்."

"இல்லைங்க. எனக்கு அங்கே மொழிபெயர்ப்பு வேலை போட்டுக் கொடுத்திருக்காங்க."

"உனக்கா? நீ எப்போ படிச்சே?"

"நீங்க ஆபீஸ் போனதும், இதே கேம்லதான். நீங்க தள்ளிவிட்டதையெல்லாம் நான் நிறுத்திப் படிச்சேன். திங்கட்கிழமை கிளம்பறேன்."

பழக்கதோஷத்தில் அவன் கட்டைவிரல் பட்டனைத் தட்டியது. இந்த வசனம் மட்டும் நகரவில்லை.