வெள்ளிக்கிழமைக் குரல்

புற்றுநோய் சோலைராசுவின் குரல்வளையைக் கொண்டுபோனது. புதுக் குரல்வளை வைக்க வசதி இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு ஏற்பாடு இருந்தது. பணக்காரக் குடும்பம் ஒன்று செலவை ஏற்கும்; எந்தக் குரல் என்பதை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். பணம் கட்டுகிறவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டாமா என்றார்கள் ஆபீஸில்.

"பேச்சு வந்தாப் போதுங்க" என்று அவன் மனைவி பாக்கியம் கையெழுத்துப் போட்டாள்.

வந்தது இருபது வயதுப் பையனின் குரல். விபத்தில் இறந்த தங்கள் மகனின் குரலையே அவர்கள் கொடுத்திருந்தார்கள். அந்தக் குரலில் புருஷன் "ஏ புள்ள" என்று கூப்பிட்டபோது பாக்கியத்துக்குக் கூச்சமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வெள்ளிக்கிழமைதோறும் கார் வரும். பையனின் அம்மா நாற்காலியில் கண்களை மூடி உட்காருவார். அவர்கள் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தபடி, "சாப்டியாம்மா?" என்று சோலைராசு கேட்பான். அழுதுவிட்டுப் போய்விடுவார்.

இந்த வெள்ளிக்கிழமை அவர் போகவில்லை. "நம்ம நாய்க்குட்டிக்கு என்ன பேருப்பா வச்சோம்?" என்று கேட்டார்.

அது காகிதத்தில் இல்லாத கேள்வி.

"டைகர்னு நான் சொன்னேன். நீதாம்மா புஜ்ஜின்னு வச்ச" என்றான் சோலைராசு.

அந்த அம்மா எழுந்து வந்து, அவனுடைய நரைத்த தலையைக் கோதிவிட்டுப் போனார்.

கார் மறைந்ததும் பாக்கியம் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அந்த நாயைப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னா?"

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, மரியாதையாகச் சொன்னான்.

"தெரியலையேக்கா."