பழைய தோல்

டி.வி.யில் சைக்கிள் வீரன் எலியா மூன்றாவது மலைப் பந்தயத்தையும் ஜெயித்தான். இத்தாலியின் விசென்சா நகரில், சைக்கிள் சீட் பட்டறையில், முதலாளி பொர்த்தோலோ கிராப்பா மது பாட்டிலைத் திறந்தார்.

"பார்த்தியா லோரிஸ்? எல்லாம் நம்ம பழைய மாடல் சீட்! ஓட்டறவங்களுக்கு வலிக்குது, மரத்துப்போகுதுன்னு நீதான் ரெண்டு வருஷமா புலம்பினே."

சீட் வடிவமைக்கும் லோரிஸ் தயங்கினான். "என் புது மாடலையும் ஒரு தடவை..."

"நடுவுல ஓட்டை போட்ட சீட்டா? ஜெயிக்கிறவன் கேட்டானா அதை? நாளைக்கே விளம்பரம் போடறேன், 'எலியா உட்காரும் அதே சீட்'னு. அந்த சீட்டை வார்க்கிற உன் அச்சை இப்பவே உடைச்சு இடத்தைக் காலி பண்ணு."

"முதலாளி, நான் ஒண்ணு சொல்லணும்."

"உடைச்சுட்டுச் சொல்லு!"

இரண்டு வருட உழைப்பு நாலு சம்மட்டி அடியில் தூளானது. அப்போது லோரிஸின் போன் அடித்தது. எலியாதான்.

"அண்ணே, உன் கைக்கு முத்தம் கொடுக்கணும்! ரெண்டு வாரமா ஒரு புண் இல்லை. ஆனா இன்னிக்கு ஜெயிச்சதும் ரசிகர் கூட்டம் மோதி சைக்கிளைத் தள்ளிடுச்சு. சீட் ரெண்டா உடைஞ்சுபோச்சு. நாளைக்குப் பெரிய மலை, இன்னொண்ணு அனுப்பு."

லோரிஸ் தரையில் தூளாகக் கிடந்த அச்சைப் பார்த்தான்.

"போன தடவை மாதிரியே உன் புது சீட் மேல பழைய மாடல் தோலைத் தைச்சுடு. ஓட்டை தெரியக் கூடாது. முதலாளிக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேர் கதையும் முடிஞ்சுது!"

பின்னாலிருந்து பொர்த்தோலோ கோப்பையை உயர்த்தினார்.

"யாரு, எலியாவா? எத்தனை சீட் வேணும்னாலும் அனுப்பறோம்னு சொல்லு!"