பதினொரு கொலையும் ஒரு மாப்பிள்ளையும்

"பதினொரு கொலை. ஒரு கொலைகாரனையும் பிடிக்கேலாமப் போச்சுது," என்றான் பெண் பார்க்க வந்திருந்த அன்ரன்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த பெண்ணின் தாய் புனிதமலர் அப்படியே நின்றுவிட்டார். கச்சேரியில் கிளாக்கர் வேலை என்றுதானே புரோக்கர் ராசு சொன்னார், இவன் பொலிஸோ? பொலிஸ் மாப்பிள்ளை மட்டும் வேண்டாம் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியல்லவா வைத்திருந்தார்.

"கதைப் புத்தகம் அக்கா, கதைப் புத்தகம்," என்று ராசு அவசரமாகச் சொன்னார். "தம்பி லைபிறரியில துப்பறியும் நாவல் எடுத்து வாசிக்கிறவர்."

"எங்க வாசிக்க விடுறாங்கள்?" என்றான் அன்ரன். "பதினொரு புத்தகம் எடுத்தனான். பதினொண்டிலயும் கடைசிப் பக்கத்தை ஆரோ கிழிச்சுப்போட்டாங்கள். முல்லைத்தீவு முழுக்கத் தேடியும் வேற பிரதி இல்லை. செய்தவன் மட்டும் என்ர கையில சிக்கட்டும்!"

கலிஸ்ரா கதிரை நுனியில் தலைகுனிந்து இருந்தாள். வாயே திறக்கக்கூடாது என்று தாய் காலையிலேயே கட்டளை போட்டிருந்தார். முன்பு வந்த இரண்டு மாப்பிள்ளைகளும், தங்களுக்குப் பிடித்த சினிமாவை அவள் வாயால் நார் நாராகக் கிழித்ததைக் கேட்டுத் தலைதெறிக்க ஓடியவர்கள்.

இந்த முறை அவளுக்கே பயமாக இருந்தது. அன்ரனை அவளுக்குப் பிடித்துவிட்டது. சீதனம் ஒன்றும் வேண்டாம் என்று வாசலிலேயே சொன்னதற்காக அல்ல. புத்தகத்துக்காக இவ்வளவு கோபப்படும் ஒருவனை அவள் இந்தக் கரையில் கண்டதே இல்லை.

"அதை விடுங்கோ தம்பி," என்றார் தகப்பன் யோசெப். கடலில் ஒரு சத்தமும் போடாத மனிதர், கரைக்கு வந்தால் வாயை மூடமாட்டார். "முந்தி இவள் கொண்டு வாற புத்தகத்தில நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல வாசிப்பன். கொலைகாரன் ஆரெண்டு வீடு முழுக்கக் கேக்கச் சொன்னாத்தான் எனக்குச் சாப்பாடு செமிக்கும். இப்ப வாற புத்தகங்களுக்கு முடிவே இல்லை. அதால படத்துக்கு மாறீட்டன். புதுப் படம் பாத்தீங்களோ?"

"இன்னும் இல்லை ஐயா. ஞாயிற்றுக்கிழமை வவுனியாவுக்குப் போய்ப் பாக்க இருக்கிறன்."

"வில்லன் அவன்ர சொந்தத் தமையன்தான்," என்றார் யோசெப்.

அன்ரனின் முகம் செத்துப்போனது. யோசெப் அதைக் கவனிக்கவில்லை. "கடைசியில கதாநாயகனுக்கு ஆறு வெடி. செத்தான் எண்டு நினைப்பீங்கள். சாக மாட்டான்!"

"எழும்பிப் பாட்டுக்கு ஆடுவான்," என்றாள் கலிஸ்ரா, தன்னையறியாமல். "வெடி பட்டா என்ன நடக்கும் எண்டு எங்கட சனத்திட்டக் கேட்டுப்போட்டு எடுத்திருக்கலாம்."

புனிதமலர் கண்ணை உருட்டினார். அன்ரனோ வாய்விட்டுச் சிரித்தான். "நீங்களும் நாவல் வாசிக்கிறனீங்களோ?"

"இடைக்கிடை."

"அந்தத் தேயிலைத் தோட்டத்துக் கொலை வாசிச்சனீங்களோ? முந்தநாள்தான் திருப்பிக் குடுத்தனான். முடிவு இல்லாட்டியும் எனக்குத் தெரியும். டொக்டர்தான் செய்தவர்."

"டொக்டரோ?" கலிஸ்ரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தாயின் கட்டளை காற்றில் போனது. "உங்களுக்கென்ன விசரே? சமையல்காரி! செத்துப்போன மகனுக்காகச் செய்தவ. அவ எழுதி வைச்ச கடிதத்தை வாசிச்சு நான் அழுதனான்."

புனிதமலர் தலையில் கையை வைத்தார். பார்க்க வந்தவனையே பைத்தியமா என்று கேட்டாயிற்று, இனி என்ன மிச்சம்?

அன்ரன் இப்போது சிரிக்கவில்லை. கலிஸ்ராவை உற்றுப் பார்த்தான். பிறகு யோசெப்பைப் பார்த்தான். தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழும்பினான்.

"போட்டு வாறன் ஐயா. முடிவை ராசு அண்ணையிட்டச் சொல்லி விடுறன்."

படலை சாத்தப்படும் வரை பொறுத்திருந்த புனிதமலர் பிடித்துக்கொண்டார். "டொக்டர் கொலைகாரனாவே இருந்திட்டுப் போகட்டுமேயடி! அவனென்ன உன்ர மாமனோ?"

"பிழையாச் சொன்னா எப்பிடியம்மா பாத்துக்கொண்டிருக்கிறது?" என்ற கலிஸ்ரா, குசினிக்குள் போய் அழத் தொடங்கினாள். மூன்றாவதும் போய்விட்டது, அதுவும் பிடித்த ஒன்று போய்விட்டது. போயும் போயும் ஒரு சமையல்காரிக்காக.

பின்னேரம் ராசு போன் எடுத்தார். யோசெப் ஸ்பீக்கரில் போட்டார். புனிதமலர் செபமாலையைக் கையில் எடுத்தார். குசினிக்குள் அழுகைச் சத்தம் நின்றது.

"அண்ணை, பெடியனுக்கு ஓம்தான்," என்றார் ராசு. "ஆனா காலமை சொன்ன கதையை மாத்திப்போட்டான். இப்ப சீதனம் வேணுமாம். அது தராட்டிக் கலியாணம் இல்லையாம்."

புனிதமலர் பொத்தென்று கதிரையில் இருந்தார். யோசெப் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். இருப்பது ஒரு வள்ளமும் இந்த வீட்டு வளவும்தான்.

"எதைக் கேக்கிறான், ராசு? வள்ளத்தையோ, வளவையோ?"

"எனக்கும் ஒண்டும் விளங்கேல்லை அண்ணை. பிள்ளை கிழிச்சு வைச்சிருக்கிற பதினொரு கடைசிப் பக்கமும் வேணுமாம்."