வார்ப்பிரும்பில் ஒரு வளையல்

தங்கள் நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்காக, அப்பா தனியாளாகச் செய்ததாகக் கேட்டு வளர்ந்த முதல் நூற்பு இயந்திரத்தைப் பார்க்க மகள் அதை வாங்கிய மில்லுக்குப் போனாள். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் அதை நிறுத்தி, பல்சக்கர மூடியைக் கழற்றினார். "உள்பக்கம் தடவிப் பாருங்க மேடம்."

இரும்பில் அரைவட்டமாக ஏதோ புடைத்திருந்தது.

"இரும்பை உருக்கி ஊத்துற அச்சுக்கு மணல் இடிச்சவங்க கை அழுந்தின தடம். வளையல் போட்ட கை."

அவள் உடனே அம்மாவை ஃபோனில் அழைத்தாள்.

"மணலை நீதான் இடிச்சியாம்மா?"

"ஆமா."

"அப்ப மெஷினோட வரைபடம்?"

"அதுவும் நான்தான். பொம்பளை செஞ்ச மெஷினை அன்னிக்கு யாரு வாங்குவா? உங்கப்பா தன் பேரைச் சொல்லி வித்துட்டு வந்தாரு. அதுவும் லேசான வேலை இல்லடி."

மகள் ஃபோனை வைத்தாள். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியபோது, தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன் நின்றாள்.