முப்பது கிலோ

கொளுத்துகிற வெயிலில், குளிர்காலத்துக் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு மகள் ஆட்டோவில் ஏறியதும் பழைய பேப்பர் கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னும் ஏரோப்ளேனே ஏறல. அதுக்குள்ள என்ன ஷோக்கு?”

“குளுருதுப்பா” என்றாள், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

தெருவே பார்த்துச் சிரித்தது. எதிர்வீட்டு வாத்தியார் வாசலில் நின்று கையசைத்தார். மகள் பதிலுக்கு அசைத்தாள். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாத்தியாரோடு பேச்சு நின்று ஆறு வருஷமாகிறது. வீட்டில் பத்து கிலோ இருந்த பேப்பர் உன் கடையில் ஒன்பதாகிவிடுகிறதே என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார் அந்த மனிதர். அதை இவர் மறக்கவில்லை. மகள் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிற சேதியைக்கூட அவர் காதில் போடவில்லை.

அந்தப் படிப்புச் செலவு இவரை ஒட்ட உருவிவிட்டிருந்தது. கல்லூரிக் கட்டணம், விசா, டாக்டர் பரிசோதனை, பேங்கில் காட்டவேண்டிய பணம் என்று ஒன்று முடிந்தால் ஒன்று வந்து நின்றது. மனைவியின் வளையல் போயிற்று, கடைக்குப் பின்னால் இருந்த மனையும் போயிற்று. மிச்சம், மகளின் கைப்பையில் இருக்கிற முதல் மாத அறை வாடகைதான்.

அதனால் பெட்டி விஷயத்தில் கறாராக இருந்தார். முப்பது கிலோதான் அனுமதி. அதற்கு மேல் ஒரு கிலோவுக்கு விமானக் கம்பெனி கேட்கிற காசில் ஒரு வண்டிப் பேப்பர் வாங்கலாம். நேற்றுச் சாயங்காலம் துணிமணி, புத்தகம், பாத்திரம் எல்லாம் அடைத்து, கடைத் தராசில் தூக்கி வைத்தார். முள் பிசகாமல் முப்பது.

“இனி ஒரு குண்டூசிகூட வைக்கக் கூடாது.”

விமான நிலையத்தில் பார்வையாளர் சீட்டு எடுத்து இவரும் உள்ளே போனார். வரிசையில் முன்னால் நின்றவரின் பெட்டி முப்பத்திரண்டு காட்டியது.

“வீட்டுல முப்பதுதாங்க இருந்துச்சு.”

“இது சரியாத்தான் காட்டும் சார். உங்க வீட்டுத் தராசைப் பாருங்க” என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

கடைக்காரர் சட்டென்று மகளின் பெட்டியைப் பார்த்தார்.

கடைத் தராசு பத்துக்கு ஒரு கிலோ விழுங்கும். மகளைப் பள்ளியில் சேர்த்த வருஷம், விழுங்கும்படி திருகி வைத்ததே அவர்தான். பார்த்துப் பார்த்து அந்த முள் சொல்வதை அவரே நம்ப ஆரம்பித்திருந்தார். அது முப்பது என்றால் முப்பத்து மூன்று.

பெட்டியைத் திறந்து எதையாவது எடு என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாளே. வாத்தியாரோடு சண்டை வந்த அன்று, “எங்கப்பா அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு” என்று நடுத்தெருவில் நின்று அழுத பெண் அவள். அவளிடம் என்ன சொல்வது?

“கண்ணு, அந்தப் பெட்டி...”

அதற்குள் அவள் தூக்கி வைத்துவிட்டாள்.

முப்பது.

கடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். முப்பதேதான். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது.

“பாத்தியா நம்ம தராசை? அந்த வாத்தியார் என்னமோ சொன்னாரே.”

மகள் சிரித்தாள். கண்ணாடிக் கதவு வரை நடந்தாள். அதற்கு மேல் அவர் போக முடியாது. பிரிகிற நேரத்தில் மகளின் கோட்டுக் காலரைச் சரி செய்தவர், அதன் பாரத்தில் திகைத்துப் போனார். கோட்டுப் பை ஒவ்வொன்றிலும் புத்தகம்.

“என்னம்மா இது, இரும்பாட்டம் கனக்குது?”

“மூணு கிலோப்பா.”

அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

“நான் தெருவுல நின்னு அழுதேனே, அதே வாரம் பள்ளிக்கூடத்துல எடை பார்த்தாங்க. அங்க நாப்பது. சாயங்காலம் வந்து நம்ம தராசுல ஏறி நின்னேன், முப்பத்தாறு.”

அவர் தலை நிமிரவில்லை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்காகத்தான்னு தெரியும். போதும்பா. வாத்தியார் வீட்டுல ஆறு வருஷத்துப் பேப்பர் கிடக்கு. நாளைக்குப் போய் எடுத்துட்டு வாங்க. பத்துன்னா பத்துன்னே போடுங்க.”